சிறைப் பந்தியிலும் வஞ்சனை வேண்டாம்

காவிரி டெல்டா மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் கல்யாணச் சமையல்காரன். குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முப்பது வருஷமாகக் கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி என்று முகூர்த்த நாளெல்லாம் அடுப்பு முன்னால்தான் கழிந்திருக்கிறது. உங்களில் யாராவது வீட்டு விசேஷத்துக்கும் நான் சமைத்திருக்கக்கூடும். சாம்பாரில் குறை இருந்திருந்தால் இப்போது மன்னித்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் காவிரித் தண்ணீர் கேட்டு நடந்த சாலை மறியலில் நானும் போய் உட்கார்ந்தேன். வழக்கமாக என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்; நீங்களும் எத்தனையோ மறியலில் கைதானவர்கள்தான். வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருப்பார்கள். மதியம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், சாயங்காலம் விடுதலை. நான் சமைத்த மண்டபத்திலேயே என்னை அடைத்துவைத்த கூத்தும் ஒருமுறை நடந்தது. ஆனால் அந்தத் தடவை எங்களில் சிலரை ரிமாண்டில் போட்டுவிட்டார்கள். ஜாமீன் கிடைக்கப் பதினோரு நாள் ஆனது. எந்தச் சிறை என்று சொல்லப்போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். ஒருவரைக் காட்டிக்கொடுப்பது இந்த மடலின் நோக்கமும் இல்லை.

சாப்பாடு மோசம் என்று சொன்னால் பொய். 'களி தின்ன வைக்கிறேன் பார்' என்று ஊரில் இன்னும் சண்டைக்கு நடுவே சவால் விடுகிறார்கள். நான் இருந்த இடத்தில் களி போடவில்லை. சோறு, சாம்பார், ஒரு பொரியல். பருப்பு வெந்திருந்தது. உப்பு ஒருநாள் தூக்கல், ஒருநாள் மட்டு. நூற்றுக்கணக்கான பேருக்கு ஆக்கும் இடத்தில் அது நடக்கத்தான் செய்யும். தொழில்காரன் என்ற முறையில் நான் குறை சொல்லவில்லை.

எங்கள் பிளாக்கில் ஒரு பையன் இருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். செல்போன் திருட்டு வழக்கு, விசாரணைக் கைதி. அவனை மனு போட்டுப் பார்க்க ஒருவரும் வரவில்லை. நான் போன மூன்றாம் நாள், சோறு அளவு குறைவாக விழுகிறது என்று சத்தமாகச் சொன்னான். கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் வந்துவிட்டது. வார்டர் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை, புகார் எழுதவும் இல்லை. அன்று சாயங்காலத்திலிருந்து வரிசையில் அவன் கடைசி, அவ்வளவுதான். அவன் தட்டு வரும்போது பொரியல் தீர்ந்திருக்கும். சாம்பார் என்ற பெயரில் அண்டாவை வெந்நீர் விட்டு அலசியது விழும். ராத்திரிச் சோற்றை லாக்-அப்புக்கு முன்னாலேயே, வெளிச்சம் இருக்கும்போதே கொடுத்துவிடுவார்கள். அடுத்த நாள் அந்தச் சோறு அவனுக்கு 'கணக்கில் விட்டுப்போனது'. கதவு பூட்டினால் விடியும்வரை ஒன்றும் கிடையாது.

எங்கள் தட்டிலிருந்து கொடுக்கலாம் என்று நினைத்தோம். வார்டர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். நாளைக்கு உனக்கும் இதுதான் என்று அதற்கு அர்த்தம். நான் கொடுக்கவில்லை. எத்தனையோ ஆயிரம் பேருக்கு இலை போட்டவன், கையெட்டும் தூரத்தில் ஒரு பிள்ளை வெறும் வயிற்றோடு படுத்திருக்க, என் சோற்றை நானே தின்று முடித்தேன். இந்த மடலை எழுத வைத்தது அதுதான். மற்றதெல்லாம் அப்புறம் நான் தேடிப் படித்தும், வக்கீல் ஒருவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

இப்படி நடக்க ஆரம்பித்த நாலாம் நாள் அவன் 'ஐயா, தப்புதான்' என்றான். உடனே அளவு சரியாகிவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, அடி உதை இல்லாமல் ஒழுங்கு வந்துவிட்டதே, இதில் என்ன தப்பு என்றுதான் தோன்றும்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: பந்தி வஞ்சனை. பெண் வீட்டார் இலையில் ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் இலையில் ஒன்று. வேண்டியவனுக்கு நெய், வேண்டாதவனைக் கண்டும் காணாமல் தாண்டிப் போவது. பரிமாற வரும் பையன்களுக்கு நான் முதல் நாள் சொல்லும் பாடமே இதுதான். உப்புக் கூடினால் மன்னிப்பார்கள், பாயசம் தீய்ந்தாலும் சிரித்துக்கொள்வார்கள், பந்தி வஞ்சனையை மட்டும் ஏழு வருஷம் ஆனாலும் மறக்க மாட்டார்கள். சோற்றால் கைதியை அடக்குவது அரசாங்க முத்திரை குத்திய பந்தி வஞ்சனை. அதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் 1894-இல் போட்ட சிறைச் சட்டத்தில் 46-ஆவது பிரிவு, சிறைக்குள் செய்யும் குற்றங்களுக்குக் கண்காணிப்பாளர் என்னென்ன தண்டனை தரலாம் என்று அடுக்குகிறது. அதில் ஒன்று 'தண்டனை உணவு'. அதாவது சாப்பாட்டைக் குறைப்பது. தொடர்ந்து 96 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மறுபடி கொடுக்க வேண்டுமானால் அவன் புதிதாக ஒரு குற்றம் செய்திருக்க வேண்டும், நடுவில் ஒரு வாரமும் போயிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், கைதியின் உடம்பு தாங்குமா என்று சிறை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். ஒருவனைப் பட்டினி போட டாக்டர் கையெழுத்து! அதே பிரிவில் இன்னொரு தண்டனையும் இருக்கிறது: சாட்டையடி, முப்பதுக்கு மிகாமல்.

இதை வக்கீல் வாசித்துக் காட்டியபோது எனக்கு என் தாத்தா ஞாபகம்தான் வந்தது. அவர் பண்ணையாளாக இருந்தவர். இந்தக் கீழத்தஞ்சை மண்ணில் பண்ணையாட்களுக்கு மிராசுதார்கள் கொடுத்த தண்டனை இரண்டு. சவுக்கடி ஒன்று, சாணிப்பால் ஒன்று. சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் முன்னால் நின்று, விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடி பிடித்துப் போராடி அதை ஒழித்தார்கள். உங்களில் பல பேர் மேடையில் பெருமையோடு சொல்லும் வரலாறு இது. நானும் கைதட்டியிருக்கிறேன். ஒரு கையில் சவுக்கு, மறு கையில் வாய்வழியாகப் போகும் அவமானம் என்று மிராசுதார் வைத்திருந்த அதே ஜோடியை 46-ஆவது பிரிவும் வைத்திருக்கிறது. பண்ணையில் போனது, சட்டப் புத்தகத்தில் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

இன்றைக்கு யாரும் அந்தப் பிரிவைப் பயன்படுத்துவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். என் பிளாக் பையனுக்கும் அது பயன்படவில்லை. அவனை எந்த மருத்துவரும் பார்க்கவில்லை, 96 மணி நேரத்தை யாரும் எண்ணவில்லை, ஒரு தாளில் ஒரு வரிகூட இல்லை. எழுதிவைத்த தண்டனைக்காவது ஒரு வரம்பு இருக்கிறது. கரண்டி பிடிப்பவன் மனசுக்குள் போடும் தண்டனைக்கு வரம்பே இல்லை. ஆனால் சோறு என்பது குறைக்கத் தக்க ஒன்று என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கும்வரை, கரண்டிக்காரனை எதைச் சொல்லித் தடுப்பீர்கள்?

டெல்டாவில் சோற்றை ஆயுதமாக்கிப் பார்த்தவர்கள் இதற்கு முன்னும் உண்டு. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ளத் தொண்டர்களோடு நடந்தபோது, தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் தார்ன். நடந்துவருபவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் ஆறு மாசம் ஜெயில் என்று ஊர் ஊராகத் தமுக்கடிக்கச் சொன்னார். சனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டிவிட்டார்கள். ஆற்றங்கரையில் பாத்திரங்களை மறைத்துவைத்து, எங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளமும் வைத்தார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வீட்டில் இறக்கி விருந்தே போட்டார். அதற்காக ஆறு மாசம் சிறைக்கும் போனார். அவர் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். உங்கள் நாற்காலியின் முன்னோர் என்றே சொல்லலாம்.

சரி, எங்கள் குடவாசலுக்கு வருகிறேன். கும்பகோணம், திருவாரூர் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு ஸ்டாப். தமிழ் படித்தவர்களுக்குக் 'குடவாயிற் கோட்டம்'. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறையை அடைத்துவைத்த சிறை இங்கேதான் இருந்தது என்பார்கள். புறநானூற்றின் 74-ஆம் பாட்டு அவன் சொன்னது. பாட்டின் கீழே உள்ள குறிப்புதான் என்னை உலுக்கியது. 'தண்ணீர் தா' என்று கேட்டான், உடனே கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது, கையில் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், பாட்டைச் சொல்லிவிட்டு இறந்துபோனான். சங்கிலியில் கட்டிய நாயைப் போல என்னை வைத்து, எனக்கு உறவில்லாதவர்கள் தரும் நீரை, வயிற்றுத் தீ தணிய இரந்து உண்பதற்கா என்னைப் பெற்றார்கள் என்று கேட்கிறது பாட்டு.

இதை மானம், வீரம் என்றே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தவனுக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. காவலர்கள் அவனுக்குத் தண்ணீரை மறுக்கவே இல்லை. கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அளவைச் சோதித்தால் குறை இருந்திருக்காது. தண்டனை முழுக்க அந்தத் தாமதத்துக்குள் இருந்தது. கடைசியில் நிறுத்தப்பட்ட என் பையனுக்கும் இரும்பொறைக்கும் நடுவில் எத்தனையோ நூற்றாண்டு. காவல்காரன் கை மட்டும் மாறவில்லை.

ஆகவேதான் 'சத்து குறையாமல் கொடுத்தால் சரிதானே' என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. அமெரிக்கச் சிறைகளில் நியூட்ராலோஃப் என்று ஒன்று உண்டு. காய், பயறு, ரொட்டி என்று கிடைத்ததையெல்லாம் ஒன்றாகப் பிசைந்து செங்கல் மாதிரிச் சுட்டு, காலையும் அதே, மதியமும் அதே, ராத்திரியும் அதே. உடம்புக்கு வேண்டிய கலோரி எல்லாம் அதில் இருக்கிறதாம். ருசி மட்டும் இருக்காது. இருக்கக் கூடாது என்றே செய்வது. இது தண்டனையே இல்லை, மாற்று உணவுதான் என்று அங்கே அதிகாரிகள் வாதாடினார்கள். வெர்மான்ட் மாநில உச்ச நீதிமன்றம் 2009-இல் அதை ஏற்கவில்லை. தண்டனைதான், விசாரிக்காமல் கொடுக்க முடியாது என்றது. நியூயார்க் மாநிலம் 2015 முடிவில் அதைக் கைவிட ஒப்புக்கொண்டது. ஒரு சமையல்காரனாக என் கருத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கைதவறிச் சமையல் கெட்டுப்போவது வேறு. பிடிக்கக் கூடாது என்று திட்டம் போட்டு ஆக்குவது வேறு. அப்படி ஆக்கச் சொன்னால் நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

அதற்கும் முன்னால் 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஆர்கன்சாஸ் மாநிலத்திலிருந்து ஒரு வழக்கு போனது. அங்கே தனி அறையில் அடைத்தவர்களுக்கு இறைச்சி, உருளைக்கிழங்கு, முட்டை, சிரப் எல்லாவற்றையும் குழைத்துச் சுட்டு, நாலு அங்குலச் சதுரமாக வெட்டிக் கொடுத்தார்கள். நாளொன்றுக்கு 1,000 கலோரிகூடத் தேறாது. சில நாளைக்குப் பொறுக்கலாம், வாரக்கணக்கில் என்றால் கொடுமை என்கிற மாதிரி நீதிமன்றம் சொன்னது. அந்தச் 'சில நாள்' எனக்குப் பிடிக்கவில்லை. நம் சட்டத்தின் 96 மணி நேரமும் அதே கணக்குதான். என் பையன் மூன்றே நாளில் உடைந்துபோனான். உடைவதற்கு வாரங்கள் தேவையில்லை.

உலகம் இதில் நம்மைத் தாண்டிப் போய்விட்டது. ஐ.நா. 1955-இல் வகுத்த சிறை விதிகள், மருத்துவர் சான்று தந்தால் உணவைக் குறைக்கலாம் என்றன. 2015-இல் நெல்சன் மண்டேலா பெயரில் அவற்றைத் திருத்தியபோது 43-ஆவது விதி அந்தக் கதவை அடைத்தது: தண்டனையாகக் கைதியின் உணவையோ குடிநீரையோ குறைக்கவே கூடாது. நம் உச்ச நீதிமன்றமும் 1978-இல் சுனில் பத்ரா வழக்கில், சிறைக்குள் நுழைந்ததால் மட்டும் ஒருவனுடைய அடிப்படை உரிமைகள் கழன்றுவிடுவதில்லை என்று சொன்னது. 2024 அக்டோபரில் சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதைச் செல்லாது என்றது. யார் கையால் ஆக்கியதை யார் சாப்பிடுவது என்ற பேதமும் அந்த வழக்கில் அடிபட்டது. அதுவும் பந்தி வஞ்சனையில் ஒரு வகைதான்.

எதிர்ப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. என்னோடு காய் நறுக்க வரும் அக்கா ஒருத்திக்கு ஒரே மகன். அவனை வெட்டிக் கொன்றவன் ஆயுள் தண்டனையில் இருக்கிறான். 2023-இல் தமிழ்நாட்டுச் சிறைகளில் உணவுப் பட்டியலை மாற்றியதாகச் செய்தி வந்த அன்று, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, 'என் பிள்ளை மண்ணுக்குள்ள இருக்கான், அவனுக்கு வகைவகையா சாப்பாடா தம்பி?' என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் பதில் சொல்வது அழகும் இல்லை. பிறகு யோசித்தேன். நீதிபதி அவனுக்கு ஆயுள் என்று எழுதினார். அரை வயிறு என்று எழுதவில்லை. எழுதும் அதிகாரம் நீதிபதிக்கே இல்லாதபோது, சோறு அளந்து போடுபவருக்கு அது எங்கிருந்து வந்தது? இன்னொன்றும் உள்ளே இருந்து பார்த்தபோது தெரிந்தது. சோற்றில் கைவைத்தால் அடிபடுவது அக்கா நினைக்கும் ஆள் இல்லை. வீட்டிலிருந்து பணம் கட்ட ஆள் இருப்பவன் கேண்டீனில் வாங்கிச் சமாளித்துக்கொள்வான். அரசாங்கச் சோற்றை மட்டும் நம்பி இருப்பவனுக்குத்தான் வலிக்கும். கொலைகாரன் தப்புவான், செல்போன் திருடியவன் மாட்டுவான்.

வார்டர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தட்டை முகத்தில் எறிபவனும், சாப்பாட்டோடு கண்டதைக் கலந்து வீசுபவனும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அந்தச் செங்கல் ரொட்டியை முக்கியமாக அப்படிப்பட்டவர்களுக்கென்றுதான் வைத்துக்கொண்டார்கள். ஆள் பற்றாக்குறையில், ராத்திரி பகல் பாராமல் நிற்பவர்களிடம் 'பொறுமையாக இருங்கள்' என்று வெளியே நின்று சொல்வது சுலபம். எறிபவனுக்கு எறிய முடியாத காகிதத் தட்டில் கொடுங்கள், தனியாக உட்கார வைத்துக் கொடுங்கள். முறைப்படி விசாரித்து அவன் கேண்டீன் சலுகையை நிறுத்துங்கள், நன்னடத்தைக்குக் கிடைக்கும் தண்டனைக் குறைப்பை வெட்டுங்கள். அதெல்லாம் அவன் சம்பாதிக்க வேண்டியவை. எல்லாருக்கும் விழும் சோறு அவன் சம்பாதித்தது இல்லை. அதைப் பறிக்கவும் முடியாது.

உங்களிடம் நான் கேட்பது என்ன? சிறை மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். 1894 சட்டத்தின் இடத்தில் வைக்க ஒரு மாதிரிச் சட்டத்தை ஒன்றிய உள்துறை 2023-இல் மாநிலங்களுக்கு அனுப்பியது. நம் சட்டமன்றத்தில் சிறைகளைப் பற்றிய மசோதா எப்போது வந்தாலும், தண்டனை உணவு என்ற பிரிவை வேறு பெயரில்கூட உள்ளே விடாதீர்கள். அதோடு ஒரு வரியைச் சேருங்கள். உணவையும் குடிநீரையும், அளவிலோ நேரத்திலோ கொடுக்கும் விதத்திலோ, தண்டனையாக்கக் கூடாது. 'அளவு' மட்டும் போதாது, 'நேரம்', 'விதம்' இரண்டும் அவசியம் வேண்டும். இல்லாவிட்டால் இரும்பொறைக்குத் தண்ணீர் கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள்.

இன்னொன்றுக்கு மசோதா வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிறைகளுக்கான பார்வையாளர் குழுவில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இடம் இருக்க வேண்டும் என்கிறது 2016 மாதிரிச் சிறைக் கையேடு. அப்படி ஒரு வாய்ப்பு உங்களுக்கு வந்தால் தயவுசெய்து சாப்பாட்டு நேரத்தில் போங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு என் கல்யாணச் சமையலே தோற்றுவிடும். சமையல்கட்டில் போய் நிற்காதீர்கள், அங்கே உங்களுக்கென்று ஒரு கிண்ணம் தயாராக இருக்கும். வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் நில்லுங்கள். அவன் தட்டில் விழும் சாம்பாரை ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். வெந்நீர் விட்டு நீட்டியதா இல்லையா என்று நாக்கு சொல்லிவிடும். சந்தேகமாக இருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
குடவாசல் பக்கத்துச் சமையல்காரன்